குளியலறையில் கிணற்றுச் சாமி

"பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவன் நெடுநாள் வாழ்வான், பயப்படாதவனோ..." என்று இசாமுவின் கல்யாண விருந்தில், அவர் வேலை பார்த்த அரிசி பிஸ்கட் ஆலையின் மேலாளர் பேசினார். அந்த இடத்தில் ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கையை எடுத்தபோது மேலாளர் பேச்சை முடித்துவிட்டுக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார், கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. பயப்படாதவனுக்கு என்ன ஆகும் என்பது இசாமுவுக்குத் தெரியாமலே போய்விட்டது. அதைச் சோதித்துப் பார்க்கவும் துணிவில்லை. பயப்படுகிற பக்கமே நின்றுவிட்டார். முப்பது வருஷமாக நிற்கிறார்.

மனைவி ரிட்சுகோவுக்கு மட்டும்தான் பயந்தார் என்றால் அது அவளுக்குப் பெருமை. அப்படியில்லை. பூகம்பத்துக்குப் பயம். பல் வைத்தியருக்குப் பயம். கூரையில் சேர்ந்து கிடக்கும் பனிக்குப் பயம். தொலைபேசி மணி அடித்தால் பயம். வெகுநேரம் அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். இசாமு என்ற பெயரை எழுதுகிற எழுத்துக்கு வீரம் என்று பொருள். குணம் தெரிவதற்கு முன்பே குழந்தைக்குப் பெயர் வைத்துவிடுகிற வழக்கத்தால் வருகிற கோளாறு இது.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மனிதர் நெஞ்சை நிமிர்த்துவார். அது வீட்டுக் கொல்லையில் அவருடைய அப்பா தோண்டிய கிணறு.

நாகஒகா வட்டாரத்தில் கிணற்றுத் தண்ணீர் என்றால் இரும்புத் தண்ணீர். பனிக்காலத்தில் சாலை நடுவே பதித்த குழாய்கள் அந்தத் தண்ணீரைப் பீச்சிப் பனியைக் கரைக்கும். பனி கரையும், சாலை சிவக்கும். வசந்தத்தில் பார்த்தால் ஊர் முழுக்கச் செங்கல்லை அரைத்துப் பூசினாற்போல இருக்கும். சாலைக்கு உள்ள நிறம்தான் வீட்டுக் குளியலறைக்கும். ஷவருக்குக் கீழே சுவரில் செம்பட்டை வடு, வடிகால் வாயில் துருவின் வளையம், கண்ணாடியில் சுண்ணாம்புத் தோல். எல்லா வீட்டிலும் அப்படித்தான். இசாமு வீட்டில் மட்டும் சுவர் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளை.

"எங்கப்பா இடம் பாத்துத் தோண்டினாரு. நம்ம கிணத்துல இரும்பே கிடையாது," என்று அவர் சொல்லாத கூட்டம் இல்லை.

இலையுதிர்காலத்தில் தெருச் சங்கக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தது. கை கழுவப் போய் வந்த ஒரு பெண்மணி, "ரிட்சுகோ, எப்படிம்மா இவ்வளவு வெள்ளையா வச்சிருக்க?" என்று கேட்டாள். ரிட்சுகோ வாயைத் திறந்தாள். அதற்குள் இசாமு குறுக்கே விழுந்தார்.

"அவளுக்கு என்ன தெரியும்? அது தண்ணியோட குணம். குளியலறைக்கு என்ன வேலை இருக்கு, தண்ணியைத் திறந்துவிட்டா தானா சுத்தமாயிடும்."

ரிட்சுகோ புன்னகைத்தாள். எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். இசாமுவின் கோப்பையில் மட்டும் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டாள், தொடையில் சிந்தியது.

அந்த வருஷம் முடிகிற சமயத்தில் ஆலையில் ஓய்வு பெற்றவர்கள் கூடி, பழைய ஆண்டை மறப்பதற்கான விருந்து ஒன்று நடத்தினார்கள். வயதானவர்கள் என்பதால் மதிய விருந்து. இசாமு ஆண்டை மறந்தார். அதோடு கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதையும் மறந்தார். கொட்டுகிற பனியில் வீட்டை நெருங்கும்போதுதான் நினைவு வந்தது. வாசல்வரை தாங்காது என்று உடம்பு சொல்லிவிட்டது. பக்கத்தில் மறைவாக இருந்தது ஒரே ஒரு இடம். கிணற்று பம்பின் கொட்டகை.

காரியம் பாதியில் இருக்கும்போதே தான் நிற்கிற இடம் அவருக்கு உறைத்தது. ஆனால் பாதியில் நிறுத்தக்கூடிய காரியமா அது?

கிணற்றுச் சாமிக்கு ஆகாதது அசுத்தம். கிணற்றை மூடுவதானால்கூடச் சொல்லிக்கொண்டு, பூசை போட்டு, சாமி மூச்சுவிட ஒரு குழாய் நட்டுவிட்டுத்தான் மூடுவார்கள். அப்படிப்பட்ட சாமியின் வாசலில்! இசாமு காலால் பனியைத் தள்ளி மூடினார். கும்பிட்டார். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு வீட்டுக்குள் நழுவினார்.

அந்த வாரமே குளியலறை சிவந்தது.

முதலில் வடிகாலைச் சுற்றி மெல்லிய வளையம். இசாமு விளக்கின் கோளாறு என்று எண்ணினார். அப்புறம் ஷவருக்கு நேர் கீழே ஒரு கோடு இறங்கியது. யாரோ சுவரில் ஆணி அடித்து, அந்த ஆணியிலிருந்து ரத்தம் கசிந்தாற்போல. சோப்பும் கையுமாக நின்றவர் சோப்பைக் கீழே போட்டார். உடம்பைச் சரியாகத் துடைக்காமலே வெளியே வந்தார்.

ரிட்சுகோ போர்வை போட்ட கணப்பு மேசைக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரிட்சுகோ."

"சொல்லுங்க."

"குளியலறைச் சுவர்ல ஏதோ தெரியுது."

"பூச்சியா?"

"பூச்சி இல்ல. நிறம்."

"என்ன நிறம்?"

"சிவப்புன்னு சொல்ல முடியாது. சிவப்பு இல்லைன்னும் சொல்ல முடியாது."

"ஆலையில வறுத்த பிஸ்கட்டோட நிறம் பாத்து நல்லது கெட்டது பிரிச்சவரு நீங்க. உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"இரும்பா இருக்குமோ?"

"நம்ம கிணத்துலதான் இரும்பே இல்லையே," என்றாள் ரிட்சுகோ. ஒரு சுளையை எடுத்து நார் நாராகச் சுத்தம் செய்து அவர் வாயில் போட்டாள். "அப்ப இது வேற ஏதோ."

"வேற என்ன?"

"தண்ணியோட குணம் உங்களுக்குத்தானே தெரியும். எனக்கு என்ன தெரியும்? எங்க ஊர்ல ஒரு வீட்டுல இப்படித்தான் திடீர்னு சிவந்துச்சு."

"ஏன்?"

"கிணத்தடியில யாரோ அசிங்கம் பண்ணிட்டாங்களாம்."

இசாமுவின் தொண்டையில் சுளை நின்றது. இருமி, கண்ணில் நீர் வந்து, நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "மனுஷனா, நாயா?" என்று கேட்டார்.

"நாய் பண்ணினா சாமி ஏன் கோவிக்கப் போகுது?"

"அப்புறம் அந்த வீட்டுக்கு என்ன ஆச்சு?"

ரிட்சுகோ அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சுளையைச் சாப்பிடுங்க," என்றாள்.

அந்த மௌனம்தான் இசாமுவைக் கொன்றது. வீடு எரிந்ததா, ஆள் போய்ச் சேர்ந்தாரா, சொல்லித் தொலைத்தால் அந்த அளவுக்கு மட்டும் பயப்பட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறதே.

அவர் பயத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. மகள் ஷிஹோவுக்குக் கல்யாணம் பேசி முடிக்க, புத்தாண்டு பிறந்த கையோடு மாப்பிள்ளையின் அப்பா அம்மா வருகிறார்கள். நீகாதா நகரத்து இகராஷி தம்பதி. இரவு தங்குவார்கள். தங்கினால் முதல் குளியல் விருந்தாளிக்குத்தான். இசாமு ஏற்கெனவே தொலைபேசியில், "சம்பந்தி, நீங்க முதல்ல எங்க வெந்நீர்ல உக்காருங்க, பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்," என்று அளந்து வைத்திருந்தார். இகராஷி அம்மாளோ நாள் பார்க்கிறவள், சகுனம் பார்க்கிறவள். கெட்ட நாள் என்று சொல்லி வருகையை முன்பே தள்ளிப் போட்டவள். குளியலறைச் சுவரில் ரத்தக் கோட்டைப் பார்த்தால் சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே ரயிலேறிவிடுவாள். ஷிஹோவின் கல்யாணம் நின்றுபோகும். அப்பாவின் மூத்திரத்தால் நின்ற கல்யாணம் என்று ஊர் சொல்லும்.

"கோயில் பூசாரியைக் கூப்பிட்டுடலாம்," என்றாள் ரிட்சுகோ, மறுநாள் சாப்பாட்டின்போது தானாகவே. "வீட்டு ஆளுங்களை வரிசையா உக்கார வச்சு, யார் பண்ணினது, வாயால சொல்லுங்கன்னு கேப்பாராம்."

"எல்லார் முன்னாடியுமா?"

"சம்பந்தி வர்ற அன்னிக்கே வச்சுக்கிட்டா அவங்களும் இருப்பாங்க. புண்ணியம்."

"வேண்டாம்!" என்றார் இசாமு. சோறு சிதறியது. "அதாவது... பூசாரிக்குப் புத்தாண்டு சமயம் வேலை அதிகம். பாவம்."

"ஆமா, பாவம்," என்றாள் அவள். "சரி, நான் அக்கா வீட்டுக்குப் போயி உப்பு சால்மன் வாங்கிக்கிட்டு நாளைக்கு வந்துடறேன். குளியலறையை வந்து நானே பாத்துக்கறேன். நீங்க கையை வைக்காதீங்க."

பேருந்து சாலை முனையில் திரும்பியதும் இசாமு சூளுரைத்தார். இவள் வருவதற்குள் சுவர் வெள்ளையாக வேண்டும். கறை இல்லையென்றால் கேள்வி இல்லை. கேள்வி இல்லையென்றால் பூசாரி இல்லை. தைரியத்துக்குப் பக்கத்து வீட்டு ஹோன்மாவைக் கூப்பிட்டார். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஒரே வாத்தியாருக்குப் பயந்தவர்கள்.

ஹோன்மா காலுறையோடு குளியலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என்னடா இது, எங்க வீடு மாதிரியே இருக்கு!"

"அதான்டா பயமா இருக்கு. எங்க வீடு உங்க வீடு மாதிரி இருக்கக் கூடாதே."

"வெள்ளையாக்கணும், அவ்வளவுதானே? துணி வெளுக்கிற பிளீச் இருக்கா?"

இருந்தது. இசாமு வாளியில் கிணற்றுத் தண்ணீர் பிடித்தார். கண்ணாடி மாதிரித் தெளிவு. உள்ளே விட்ட விரலின் ரேகைகூடத் தெரிந்தது. அதில் பிளீச்சை ஊற்றினார்.

தண்ணீர் மஞ்சளானது. மஞ்சள் தேநீரானது. தேநீர் இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பழுப்பாகக் கலங்கி, அடியில் சேறாக இறங்கத் தொடங்கியது. இசாமு பின்னால் துள்ளியதில் வாளி கவிழ்ந்தது. சுவரில் தெறித்த இடமெல்லாம் புதிய சிவப்பு.

ஹோன்மா நடைக்கூடம்வரை பின்வாங்கியிருந்தார். "டேய், இது கறை இல்லடா. பதில்."

"என்ன பதில்?"

"நீ கேட்டதுக்குச் சாமி சொல்ற பதில்."

"நான் ஒண்ணுமே கேக்கலையே!"

"கேக்காமலே சொல்லுதுன்னா இன்னும் மோசம். நீ ஏதாவது பண்ணித் தொலைச்சியா?"

"நான் என்ன பண்ணினேன்? விருந்துல நீயும்தானே கூட இருந்த."

"விருந்துல இருந்தேன். நீ வீட்டுக்கு வந்த வழியில நான் இல்லையே."

இசாமு வாளியை நிமிர்த்தினார். அவருடைய திருட்டு முழி பேசியது. ஹோன்மா அதைப் படித்துவிட்டு, தன் காலுறையில் ஈரம் பட்டிருக்கிறதா என்று அவசரமாகப் பார்த்துக்கொண்டார்.

"உப்புப் போடு," என்றார், செருப்பை மாட்டியபடியே. "சாவு வீட்டுக்குப் போய் வந்தா உப்புத் தெளிக்கிறோமில்ல? தீட்டு எதுவா இருந்தாலும் உப்புக்கு அடங்கும். தாராளமாப் போடு. என் பேரைச் சொல்லாத."

இசாமு தாராளமாகப் போட்டார். நான்கு மூலையிலும் உப்பைக் கூம்பு கூம்பாகக் குவித்தார். குழாய்த் திருகில், ஷவர்க் கம்பியில், சோப்பு வைக்கிற தட்டில், கதவின் கீலில், துண்டு போடுகிற தண்டில், எங்கெல்லாம் சாமி உட்கார இடம் உண்டோ அங்கெல்லாம் ஈரக் கையால் அள்ளிப் பூசினார். மிச்சமிருந்த சாகே மதுவைத் தெளித்தார். "தெரியாமப் பண்ணிட்டேன். தெரிஞ்ச பிறகு நிறுத்த முடியலை," என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் கும்பிட்டார்.

விடிந்ததும் கதவைத் திறந்தார். மறுகணம் மூடினார்.

ஒவ்வொரு திருகாணியும் அழுதிருந்தது. கீல் அழுதிருந்தது. தட்டு அழுதிருந்தது. உப்புக் கூம்புகள் அடியிலிருந்து உறிஞ்சிச் சிவந்து, நாலு மூலையிலும் நாலு சின்ன எரிமலைகள் மாதிரி நின்றன. ஷவர்க் கம்பியிலிருந்து ஒரு சிவப்புச் சொட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் பார்ப்பதற்காகவே இவ்வளவு நேரம் காத்திருந்ததுபோல.

ரிட்சுகோ வந்தபோது அவர் குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவள் மீனைக் கீழே வைத்தாள். மூக்கைச் சுளித்தாள். அவரை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தாள். காலடியில் உப்பு நறநறத்தது.

"இங்க யாரு மீன் ஊறப் போட்டது?"

இசாமு தரையில் நெற்றி படக் குனிந்தார். "ரிட்சுகோ, நான்தான்."

"மீனா?"

"கிணத்தடியில. அசிங்கம். நான்தான்."

"தெரியும்."

இசாமு தலையைத் தூக்கினார். "தெரியுமா? சாமி சொல்லுச்சா?"

"மறுநாள் காலைல பனி அள்ளினது யாரு, சாமியா, நானா? கொட்டகைப் பக்கத்துல பனியில ஒரு ஓட்டை. மஞ்சளா. சுத்தி உங்க பூட்ஸ் தடம், திருவிழா நடனம் ஆடின மாதிரி."

"ஷிஹோ கல்யாணம் நின்னுடுமா?"

அவர் கேட்ட விதத்தில் ரிட்சுகோவின் முகம் கொஞ்சம் இளகியது. கொஞ்சம்தான். "எந்திரிங்க. கேட்டுப் பாப்போம்," என்றாள்.

முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. உப்பை வாரிக் கொட்டினாள். வாளி வாளியாக வெந்நீர் விட்டுக் கழுவினாள். இசாமு வாளி சுமந்தார்.

"போதாதா?"

"பிளீச் நெடி இருக்கறப்ப அடுத்ததைப் போடக் கூடாது. ரெண்டும் கலந்தா, சாமிகிட்ட நாம நேர்லயே போய்ப் பேசிக்க வேண்டியதுதான்."

அன்று முழுவதும் ஜன்னல் திறந்தே கிடந்தது. இசாமு குளிக்காமல் படுத்தார்; கேட்க நாதியில்லை. நெடி சுத்தமாகப் போன பிறகு, மறுநாள் ரிட்சுகோ ஒரு கிண்ணத்தில் வெள்ளைப் பொடியைக் கொண்டுவந்தாள். வெந்நீரில் கரைத்தாள். சமையலறைக் காகிதத்தை அதில் நனைத்து நனைத்துச் சுவரில் ஒட்டினாள், காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல. கண்ணாடிக்கும் போட்டாள். குழாய்க்கும் சுற்றினாள்.

"நான் என்ன பண்ணணும்? மந்திரம் ஏதாவது உண்டா?"

"உண்டு. வாயை மூடிக்கிட்டு நிக்கிறதுன்னு பேரு."

நின்றார். அவள் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாள். காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தாள்.

வெள்ளை. பழைய வெள்ளை. சோற்றுப் பருக்கை வெள்ளை. இசாமுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடியின் சுண்ணாம்புத் தோலும் கழன்று, அதில் ஒரு கிழவனின் ஆனந்தக் கண்ணீர் தெரிந்தது. அவர் கோயிலில் செய்வதுபோல இரண்டு முறை கை தட்டிக் குனிந்து கும்பிட்டார். சுவரைத்தானா, மனைவியையா என்பது அவருக்கே தெரியவில்லை.

சம்பந்தி வருகிற நாள் காலை. இந்த அதிசயத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் இசாமுவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஹோன்மா வீட்டுக்கு ஓடினார். ஹோன்மா வாய் பிளந்து கேட்டார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி தோகியே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன பொடி? எலுமிச்சம்பழப் புளிப்பு அடிக்குமே, அதுவா?"

"ஆமா... உங்களுக்கு எப்படி?"

"கடையில மூட்டையா அடுக்கி வச்சிருக்கானே! ரிட்சுகோ எனக்கும் எப்பவோ சொல்லிக் குடுத்தா. எனக்குப் பொறுமை இல்ல. மாசா மாசம் முட்டி போட்டுத் தேய்க்க அவளாலதான் முடியும்."

"மாசா மாசமா?"

"முதல் ஞாயித்துக்கிழமை. நீங்க ரெண்டு பேரும் தூண்டிலைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போவீங்களே, அப்ப. உங்களுக்குத் தெரியாதா?" தோகியே அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சங்கக் கூட்டத்துல ஏதோ சொன்னீங்களாமே, தண்ணியைத் திறந்துவிட்டா போதும்னு. அதுலேருந்து நிறுத்திட்டேன்னு ரிட்சுகோ சொன்னா. சரிதான்னு சொன்னேன்."

"சரிதான்," என்றார் ஹோன்மா தன்னிச்சையாக.

"நீங்க சும்மா இருங்க."

இசாமு வீட்டுக்கு நடந்தார். சாலை நடுவே குழாய்கள் பீச்சிக்கொண்டிருந்தன. பூட்ஸின் அடி சிவந்தது. முப்பது வருஷத்து முதல் ஞாயிற்றுக்கிழமைகள். ஆற்றங்கரையில் ஒன்றும் சிக்காமல் திரும்பி வந்து, வெந்நீரில் கழுத்துவரை அமிழ்ந்து, அப்பாவின் கிணற்றை மெச்சிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகள். கொஞ்சம் வெட்கம் வந்தது. ஆனால் பாதி வழியில் அதைவிடப் பெரிய ஒன்று பொங்கி வந்து வெட்கத்தை மூழ்கடித்தது. சாமிக்குக் கோபமே இல்லை! சாபம் இல்லை, பூசாரி இல்லை, கல்யாணத்துக்கு ஆபத்து இல்லை. இத்தனை நாள் குலை நடுங்கியதெல்லாம் இந்தப் பெண்பிள்ளை நடத்திய நாடகம்! இன்றைக்கு ஒரு நாளாவது பயப்படப் போவதில்லை என்று தீர்மானித்தார். சமையலறைக்குள் பூட்ஸைக் கழற்ற மறந்து நுழைந்தார். திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு மறுபடி நுழைந்தார்.

ரிட்சுகோ கிழங்குக் குழம்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோகியே சொல்லிட்டா. எல்லாம் வெறும் புளிப்புப் பொடி!"

"ஆமா."

"அது இரும்புக் கறை! பிளீச் ஊத்தினா இரும்பு சிவக்குமாம், உப்புப் பட்டா துருப்பிடிக்குமாம்!"

"ஆமா."

"சாமியும் இல்லை, கோவமும் இல்லை!"

"அப்படீங்கறீங்க?" ரிட்சுகோ கரண்டியை வைத்தாள். "நிச்சயமா?"

"நிச்சயமா! எனக்குப் பயம் ஒண்ணும் கிடையாது."

"அப்பாடா," என்று அவள் பெருமூச்சு விட்டாள். "எனக்கும் பாரம் இறங்குச்சு. சாமி குத்தமாச்சே, வெளியில சொல்லக் கூடாதுன்னு இத்தனை நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். சாமியே இல்லைன்னா அது வெறும் வேடிக்கைதானே? இன்னிக்குச் சாப்பாட்டுல சொல்லலாம். பனியில ஓட்டை, பூட்ஸ் தடம், நாலு மூலையிலயும் உப்பு... இகராஷி அம்மா ரசிப்பாங்க. சம்பந்தின்னா மனசு விட்டுச் சிரிக்கணும்."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் அடைபட்டன. ரயிலடிக்குப் போய் அவர்களை அழைத்து வந்த ஷிஹோவின் குரல், "பாத்து வாங்க, வழுக்கும்," என்றது.

இசாமு வாசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரிட்சுகோ."

"சொல்லுங்க."

"சாமி இருக்காரு."

"இப்பதான் இல்லைன்னீங்க."

"இருக்காரு. சத்தியமா இருக்காரு. நான் பாத்தேன்."

"கோவமா இருக்காரா?"

"பயங்கரக் கோவம். வெளியில சொன்னா தாங்க மாட்டாரு."

"சரி, அப்ப சொல்ல வேண்டாம்," என்றாள் ரிட்சுகோ. சமையல் மேலங்கியை அவிழ்த்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

இகராஷி முதல் குளியல் முடித்து, வெந்நீரில் வெந்த இறால் நிறத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் மனைவியும் போய் வந்தாள். சுவரையோ தரையையோ பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை. ஷிஹோவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, கல்யாணத்துக்கு வசந்தத்திலேயே நல்ல நாள் ஒன்று பார்த்திருப்பதாகச் சொன்னாள். இசாமுவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்லக் காலை நீட்டி உட்கார்ந்தது.

"சம்பந்தி, நீங்க சொன்னது பொய் இல்லை!" என்றார் இகராஷி, கோப்பையை நீட்டியபடி. "இந்த ஊர்ல இப்படி ஒரு வெள்ளைச் சுவரா! உங்கப்பா தோண்டின கிணறுதானே? இரும்பே இல்லாத தண்ணி!"

எல்லோரும் இசாமுவைப் பார்த்தார்கள். ரிட்சுகோ சால்மன் துண்டைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். கை மடியில். முகத்தில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் பயங்கரமாக இருந்தது.

"இல்ல சம்பந்தி," என்றார் இசாமு. "தண்ணியில இரும்பு இருக்கு. ஊருக்கு இருக்கிற அளவுக்கு நமக்கும் இருக்கு. ரிட்சுகோ மாசா மாசம் முட்டி போட்டுத் தேய்ச்சது அந்த வெள்ளை. முப்பது வருஷமா. எனக்கே இன்னிக்குக் காலைலதான் தெரியும்."

ஷிஹோ அம்மாவைப் பார்த்தாள். இகராஷி அம்மாள் மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா?"

"எதை?" என்றார் இகராஷி. இறால் நிறம் வெளுத்துக்கொண்டிருந்தது.

"ஒரு ஆம்பளை, விருந்தாளி முன்னாடி, எவ்வளவு அழகாச் சொல்றாருன்னு கேட்டீங்களான்னு கேக்கறேன்."

இகராஷி சம்பந்தியை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் உறவு இல்லை.

இசாமுவுக்கோ தோள் லேசாகியிருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டோம், இனி யாருக்கும் எதற்கும் பயமில்லை என்று பட்டது. கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார்.

ரிட்சுகோவின் கண் பளபளத்தது. அவள் குனிந்து அவருடைய கோப்பையை நிரப்பினாள். இந்த முறை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"அது மட்டுமா?" என்றாள் எல்லோரையும் பார்த்து. "அடுத்த மாசத்துலேருந்து குளியலறையை முழுக்க அவரே பாத்துக்கறதா முடிவு பண்ணியிருக்காரு."

இகராஷி அம்மாள் கை தட்டினாள். ஷிஹோவும் தட்டினாள்.

இசாமு அப்படியே முடிவு செய்தார்.